ஓ.டி.ஆர். போட்டாச்சு, ஹால் டிக்கெட் எங்கே? – அரசு வேலை கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் 'எப்படிப் படிப்பது' என்று கேட்டவை குறைவு. சான்றிதழ், தேதி, கட்டணம், வயது என்று தாள் சம்பந்தப்பட்டவைதான் குவிந்திருக்கின்றன. நியாயம்தான். ராத்திரி பகலாகப் படித்து மதிப்பெண் வாங்கிவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் பேச்சற்று நிற்பதைவிட வேதனை வேறில்லை.

150 ரூபாய் கட்டி டி.என்.பி.எஸ்.சி.யில் பதிவு செய்திருக்கிறேன். குரூப் 4 தேர்வுக்குப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. பணம் போச்சா?
– வாசகர், முசிறி

பணம் போகவில்லை. ஆனால் நீங்கள் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அந்த 150 ரூபாய், ஓ.டி.ஆர். என்கிற ஒருமுறைப் பதிவுக்கானது. அது 5 ஆண்டுக்குச் செல்லும். உங்கள் பெயர், பிறந்த தேதி, சாதி, படிப்பு எல்லாவற்றையும் அரசுப் பணியாளர் தேர்வாணையத்திடம் ஒரே தடவை சொல்லிவைக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு தேர்வுக்கும் அறிவிக்கை வந்ததும் அதே கணக்குக்குள் நுழைந்து தனியாக விண்ணப்பித்து, தேர்வுக் கட்டணமும் தனியாகக் கட்ட வேண்டும். குரூப் 4-க்கு அது 100 ரூபாய்.

2025 குரூப் 4-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 25-ல் அறிவிக்கை, மே 24 கடைசி நாள், ஜூலை 12 தேர்வு. ஆக, விண்ணப்பிக்கக் கிடைத்தது ஒரு மாதம். கடைசி நாளுக்குப் பிறகு 3 நாள் திருத்த அவகாசம் தருவார்கள்; அது ஏற்கெனவே விண்ணப்பித்தவர் பிழை திருத்திக்கொள்ள மட்டும். புதிதாக உள்ளே நுழைய வழியில்லை.

ஹால் டிக்கெட் தபாலில் வராது, நாமே பதிவிறக்க வேண்டும். விண்ணப்பித்து முடித்ததும் திரையில் வரும் விண்ணப்ப எண்ணோடு அந்தப் பக்கத்தை பி.டி.எஃப். ஆகச் சேமித்துவையுங்கள். வங்கியில் பணம் கழிந்துவிட்டது என்பதால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்த எண் கைக்கு வந்தால்தான் வேலை முடிந்தது.

ஒன்று முதல் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தேன். பி.எஸ்சி. மட்டும் ஆங்கிலவழி. தமிழ்வழி ஒதுக்கீடு கேட்கலாமா? ஐந்தாவது வரை படித்த பள்ளியை இப்போது மூடிவிட்டார்கள்.
– வாசகி, திருத்துறைப்பூண்டி

குரூப் 4-க்குக் கேட்கலாம், குரூப் 2-க்குக் கேட்கக் கூடாது. காரணம் இதுதான். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. அப்போது கடைசிப் படிப்பைத் தமிழ்வழியில் முடித்திருந்தாலே போதும் என்றிருந்தது. ஆங்கிலவழியில் பள்ளி முடித்துவிட்டு ஒரு பட்டத்தை மட்டும் தமிழ்வழியில் வாங்கியவர்களும் இடம் பிடித்தார்கள். 2020-ல் சட்டத்தைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்குக் கேட்கப்படும் கல்வித் தகுதி வரை முழுக்கத் தமிழ்வழி இருக்க வேண்டும் என்று இறுக்கிவிட்டார்கள்.

குரூப் 4-ல் இளநிலை உதவியாளர் பதவிக்குக் கேட்பது பத்தாம் வகுப்பு. ஆகவே ஒன்று முதல் பத்து வரை தமிழ்வழி என்றால் தீர்ந்தது, உங்கள் பி.எஸ்சி. எந்த வழி என்று யாரும் கேட்கப்போவதில்லை. குரூப் 2-ல் கேட்பது பட்டம். அங்கே உங்கள் சங்கிலி கல்லூரியில் அறுந்துவிடுகிறது.

சான்றிதழ் வாங்கும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்று படிவம் இருக்கிறது. அதை அச்செடுத்துப் பள்ளிக்குக் கொண்டுபோங்கள். லெட்டர்பேடில் 'இவர் எம் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றார்' என்று இரண்டு வரி எழுதித் தந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, பயிற்று மொழி, தலைமையாசிரியர் கையொப்பம், பள்ளி முத்திரை, தேதி இத்தனையும் இருக்க வேண்டும். மூன்று பள்ளி மாறியிருந்தால் மூன்று சான்றிதழ். நடுவில் ஓராண்டு விட்டுப்போனாலும் உரிமை போகும். ஐந்தாம் வகுப்பு முடித்த ஆண்டும் அடுத்த பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்த ஆண்டும் ஒட்டி வருகின்றனவா என்று ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள்.

மூடிய பள்ளியின் பதிவேடுகள் பக்கத்துப் பள்ளிக்கோ கல்வி அலுவலகத்துக்கோ போயிருக்கும். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுங்கள். பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுக்க நாளாகும். அறிவிக்கை வந்த பிறகு கிளம்பினால் கைக்கு வராது. தனித்தேர்வராகப் பத்தாவது எழுதியவர்களுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. கையில் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பத்தில் 'ஆம்' என்று மட்டும் சொல்லிவைக்காதீர்கள். நிரூபிக்க முடியாத உரிமை விண்ணப்பத்தையே கவிழ்த்துவிடும்.

கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய சாதிச் சான்றிதழில் கணவர் பெயர் இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சாதிதான். பிரச்சினை வருமா?
– வாசகி, அரூர்

வரும். சாதி ஒன்றாக இருப்பது இங்கே கணக்கில்லை. சாதி பிறப்பால் என்பதால், திருமணமான பெண்ணின் சான்றிதழில் தந்தை பெயர்தான் இருக்க வேண்டும். கணவர் பெயரில் இருந்தால் உங்களை 'இதர வகுப்பினர்', அதாவது ஒதுக்கீடு இல்லாத பொதுப் பிரிவு என்று வைத்துவிடுவார்கள். இட ஒதுக்கீட்டோடு வயதுத் தளர்வும் சேர்ந்து போய்விடும். 35 வயதில் இருப்பவருக்கு அத்தோடு கதை முடிந்தது.

பள்ளிக் காலத்தில் வாங்கிய பழைய நிரந்தரச் சாதிச் சான்றிதழ் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அதுவே செல்லும், புதுப்பிக்கத் தேவையில்லை. இல்லையென்றால் இ-சேவை மையத்தில் தந்தை பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள். தந்தையின் சாதிச் சான்றிதழும் உங்கள் மாற்றுச் சான்றிதழும் கையோடு இருக்கட்டும். யார் கையொப்பமிட்டது என்பதையும் பாருங்கள். பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் நிலையிலும், பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரும் தர வேண்டும்.

ரயில்வே, எஸ்.எஸ்.சி. போன்ற மத்திய அரசு வேலைக்கு இந்தச் சான்றிதழ் உதவாது. அதற்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனிப் படிவம். 'கிரீமிலேயர்' எனப்படும் வசதி படைத்த பிரிவில் நீங்கள் இல்லை என்பதும் அதில் வர வேண்டும்.

பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று முறை கட்டணம் இலவசம் என்கிறார்கள். நான் இரண்டு தடவை விண்ணப்பித்தேன், ஒரு தடவைதான் பரீட்சைக்குப் போனேன். இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறதல்லவா?
– வாசகர், பரமக்குடி

இல்லை, ஒன்றுதான் பாக்கி. சலுகை கேட்டு விண்ணப்பித்தாலே ஒரு வாய்ப்பு கழிந்துவிடும். தேர்வு எழுதினீர்களா, தூங்கிவிட்டீர்களா என்பது கணக்கில் வராது. நான்காவது தடவையும் சலுகை கேட்டால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகும். 100 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் ஓராண்டு உழைப்பைக் கொடுக்காதீர்கள். எண்ணிக்கையில் சந்தேகம் என்றால் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். அதற்கு யாரும் தண்டனை தருவதில்லை.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகள் ஆகியோருக்குத் தேர்வுக் கட்டணமே கிடையாது. முன்னாள் ராணுவத்தினருக்கு இரண்டு முறை இலவசம். ஒருமுறைப் பதிவின் 150 ரூபாய் எல்லோருக்கும் உண்டு.

வயது 39. பி.சி. பத்தாவதோடு நிறுத்தியவன். குரூப் 4 எழுத முடியுமா? என் தங்கை 38, பி.ஏ. முடித்தவள்.
– வாசகர், சங்கரன்கோவில்

குரூப் 4 என்பது ஒரே பதவி அல்ல. பல பதவிகளை ஒரு தேர்வில் கட்டிவைத்திருக்கிறார்கள். வயதைப் பதவி பதவியாகப் பார்க்க வேண்டும். இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்றவற்றுக்கு உச்ச வயது இதர வகுப்பினருக்கு 32, பி.சி., எம்.பி.சி.க்கு 34, எஸ்.சி., எஸ்.டி.க்கு 37. உங்களுக்கு அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. ஆனால் கிராம நிர்வாக அலுவலருக்கு வரம்பு தனி: குறைந்தது 21, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 42 வரை, இதர வகுப்பினருக்கு 32 வரை. வி.ஏ.ஓ. பதவிக்கு நீங்கள் தாராளமாக எழுதலாம்.

தங்கைக்கு இரண்டும் திறந்தே இருக்கிறது. ஒதுக்கீட்டுப் பிரிவினர், குறைந்தபட்சத் தகுதியான பத்தாம் வகுப்புக்கு மேல் படித்திருந்தால், இளநிலை உதவியாளர் போன்ற பதவிகளுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. இந்த ஒரு வரியை அறிவிக்கையில் படிக்காமலேயே 'வயசாகிடுச்சு' என்று ஒதுங்கிக்கொண்ட பெண்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். வயதைக் கணக்கிடும் நாள், அறிவிக்கை வரும் ஆண்டின் ஜூலை 1. விண்ணப்பிக்கும் நாளும் அல்ல, தேர்வு நாளும் அல்ல.

விடைக்குறிப்பை வைத்துப் பார்த்தால் குரூப் 4-ல் 129 கேள்வி சரி. தரவரிசையே வரவில்லை. என்னைவிடக் குறைவாகப் போட்ட நண்பனுக்கு வந்திருக்கிறது. எங்கே முறையிடுவது?
– வாசகர், திண்டிவனம்

உங்கள் கடிதத்தின் கடைசியில் சின்னதாக எழுதியிருக்கிறீர்கள்: தமிழில் 39, பொது அறிவிலும் கணக்கிலும் சேர்த்து 90. விடை அங்கேயே இருக்கிறது.

மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். முதல் 100 தமிழ் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வு, 150 மதிப்பெண். அதில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். 39 கேள்வி என்றால் 58.5. இன்னும் ஒரே ஒரு கேள்வி சரியாக இருந்திருந்தால் 60 வந்திருக்கும். உங்கள் 90 கேள்விக்கும் உயிர் வந்திருக்கும். முறையிட இதில் ஒன்றும் இல்லை.

2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு தமிழ் கட்டாயம். 'தாய்மொழிதானே' என்று விட்டுவிட்டுப் பொது அறிவிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் இப்படித்தான் அடிபடுகிறார்கள். பள்ளிப் பாடநூல்களின் இலக்கணப் பகுதியும் நூல்–ஆசிரியர் விவரமும் கையில் இருந்தால் 60-ஐத் தாண்டுவது பெரிய காரியமில்லை. தமிழ்ப் பகுதி வடிகட்டி மட்டுமில்லை. அந்த மதிப்பெண்ணும் தரவரிசையில் சேரும் என்பதால் 60-ல் திருப்திப்படாதீர்கள்.

ஓ.எம்.ஆர்., அதாவது வட்டம் நிரப்பும் விடைத்தாள் பற்றி ஒன்று. கறுப்பு மை பந்துமுனைப் பேனா மட்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிவது இல்லை. ஆனால் எந்த வட்டத்தையும் நிரப்பாமல் விட்டால் கழியும். தெரியாத கேள்விக்கென்றே 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவது வட்டம் வைத்திருக்கிறார்கள். தவறுக்குக் கழிவு இல்லை என்கிறபோது அந்த ஐந்தாவது வட்டத்தை ஏன் நிரப்ப வேண்டும் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. நாலில் ஒன்றை நிரப்பிவிட்டு வாருங்கள்.

தற்காலிக விடைக்குறிப்பில் பிழை இருந்தால் வெளியான 7 நாளுக்குள் இணையவழியில், பாடநூல் ஆதாரத்தோடு மறுப்புத் தெரிவிக்கலாம். தபாலில் அனுப்பினால் எடுக்க மாட்டார்கள்.

குரூப் 2-க்கு விண்ணப்பித்தேன். பட்டம் முடித்தாகிவிட்டது, ஆனால் தற்காலிகச் சான்றிதழ் தேதி அறிவிக்கைக்கு 11 நாள் பின்னால் இருக்கிறது.
– வாசகி, உடுமலைப்பேட்டை

சிக்கல்தான். கல்வித் தகுதி அறிவிக்கை நாளன்றே இருந்தாக வேண்டும் என்பது பொது விதி. 'பரீட்சை எப்போதோ எழுதிவிட்டேன்' என்பது ஆதாரமாகாது. உங்கள் தேர்வு முடிவு வெளியான தேதி அறிவிக்கைக்கு முன்பா என்று பாருங்கள். ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலில் முந்தைய தேதி இருந்தால் அதைக் காட்டலாம். இரண்டும் பின்னால் என்றால் இந்த அறிவிக்கையை மறந்துவிட்டு அடுத்ததற்குப் படியுங்கள்.

இதே வரிசையில் இன்னொன்று: பட்டம் 10, பிளஸ் டூ, 3 ஆண்டு என்ற முறையில் வந்திருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது. 2009 அரசாணை அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்பிங் லோயர். தட்டச்சர் பதவிக்குப் போதுமா?
– வாசகி, கும்பகோணம்

போதாது. இரண்டும் ஹையர் முதல் முன்னுரிமை. அடுத்து தமிழ் ஹையர், ஆங்கிலம் லோயர். அதற்கும் அடுத்து ஆங்கிலம் ஹையர், தமிழ் லோயர். ஏதாவது ஒன்றாவது ஹையராக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 30 சொல்லிலிருந்து 45-க்குப் போவதற்குச் சில மாதப் பயிற்சி தேவை. தமிழில் முதலில் ஹையர் முடியுங்கள், இரண்டாவது படிக்கு அது போதும். கணினி அலுவலகத் தானியக்கச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம், தகுதிகாண் காலத்துக்குள் வாங்கிவிட வேண்டும்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை இன்னும் புதுப்பிக்க வேண்டுமா? அங்கிருந்து யாருக்கும் கடிதம் வந்து பார்த்ததில்லை.
– வாசகர், ஆத்தூர்

பரீட்சை வழியாக வரும் வேலைக்கு அந்தப் பதிவு தேவையே இல்லை. ஆனால் ஓட்டுநர், அலுவலக உதவியாளர், இரவுக் காவலர் போன்ற இடங்களுக்கு இன்னமும் பட்டியல் கேட்கிறார்கள். செலவில்லாத காரியம், விடாதீர்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, பதிந்த அதே மாதத்தில் இணையத்திலேயே புதுப்பிக்கலாம். தவறினால் 2 மாதம் சலுகை. அதையும் விட்டால் பதிவு மூப்பு போய்விடும்.

பதிந்து 5 ஆண்டு காத்திருந்தவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு: மாதம், பத்தாவது தேறாதவருக்கு 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூ 400, பட்டதாரிக்கு 600 ரூபாய், 3 ஆண்டுக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இந்தக் காலத்தில் 600 ரூபாய் பஸ் செலவுக்குக் காணாது என்பது வேறு விஷயம். பதிவு உயிரோடு இருந்தால்தான் அதுவும்.

குரூப் 4-ல் இன்டர்வியூவுக்கு ஆள் இருக்கிறது, 6 லட்சம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். பாதி முன்பணம், பாதி ஆர்டர் வந்ததும்.
– வாசகர், மணப்பாறை

குரூப் 4-ல் இன்டர்வியூவே கிடையாது. எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அத்தோடு சரி. கலந்தாய்வில் தரவரிசைப்படி கூப்பிட்டு, காலியிருக்கும் பதவியையும் துறையையும் நீங்களே தேர்ந்தெடுப்பீர்கள். இல்லாத இன்டர்வியூவுக்கு ஆள் பிடிக்கிறவரிடம் 6 ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இவர்கள் தந்திரம் எளிது: பத்துப் பேரிடம் வாங்குவார்கள். அதில் இரண்டு பேர் தானாகப் படித்துத் தேறுவார்கள். அந்த இரண்டும் 'நான் முடித்ததுதான்'.

தேர்விலேயே புகுந்து விளையாடினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4-ல் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் வரிசையாக முன்னணியில் வந்தார்கள். சிறிது நேரத்தில் மறையும் மையால் விடை குறித்துவிட்டு, விடைத்தாள்களை மையத்திலிருந்து கொண்டுபோகும் வழியில் சரியான விடையை வேறு ஆள் நிரப்பியது விசாரணையில் வெளிவந்தது. 99 பேருக்கு வாழ்நாள் தடை. பணம் கொடுத்தவர்கள் பக்கம் வழக்கும் சேர்ந்தது.

வாட்ஸ்அப்பில் வரும் 'நேரடி நியமனம்' விளம்பரம் என்றால் இணைய முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். கட்டணத்தைத் தனி ஆள் பெயரிலுள்ள யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். போலீஸ் வேலை என்றால் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், ஆசிரியர் என்றால் ஆசிரியர் தேர்வு வாரியம், செவிலியர், மருந்தாளுநர் என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், ரேஷன் கடை விற்பனையாளர் என்றால் கூட்டுறவுத் துறையின் மாவட்ட ஆட்சேர்ப்பு நிலையம், நீதிமன்ற வேலை என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தின் தளம். வந்த செய்தி அந்தத் தளத்தில் இல்லையென்றால் அப்படி ஒரு வேலை இல்லை.

உயரம் 169 செ.மீ. எம்.பி.சி. இரண்டாம் நிலைக் காவலருக்கு ஒரு சென்டிமீட்டரை விட்டுக்கொடுப்பார்களா?
– வாசகர், செஞ்சி

மாட்டார்கள். பொது, பி.சி., எம்.பி.சி. ஆண்களுக்கு 170, எஸ்.சி., எஸ்.டி.க்கு 167. பெண்களுக்கு முறையே 159, 157. வெறுங்காலில்தான் அளப்பார்கள். 169 என்பது வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்ததா? அப்படியென்றால் முதலில் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் உள்ள உயரமானியில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். நாள் முழுக்க நின்று நடந்தபின் மாலையில் உயரம் கொஞ்சம் குறைந்து காட்டும். அங்கே 170 வந்தால் மறுநாளே 1,500 மீட்டர் ஓட்டத்தை ஆரம்பித்துவிடுங்கள், 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும்.